நான் நெட்டி எடுக்காத முதுகு

நம்மிடம் வருகிறவர்களுக்கு வலி போவது இரண்டாம்பட்சம். முதலில் அவர்களுக்குச் சத்தம் கேட்க வேண்டும்.

கழுத்தையோ இடுப்பையோ திருப்பும்போது ‘டக்’ என்று ஒன்று கேட்டுவிட்டால் நோயாளி எழுந்து உட்கார்ந்து கூட வந்தவரைப் பார்த்து, “கேட்டுச்சா?” என்பார். கேட்டது என்று அவர் சொன்னால் வைத்தியம் முடிந்தது. கேட்கவில்லை என்றால் நாம் இன்னும் தொடங்கவே இல்லை. இதற்கு நம் பக்கத்தில் நெட்டி எடுப்பது என்று பெயர். நீங்கள் சான்றிதழில் கைரோபிராக்டிக் என்று படித்துவிட்டு வந்திருப்பீர்கள். இராயபுரத்தில் அந்தச் சொல்லை முழுதாகச் சொல்லி முடித்த நோயாளியை நான் பார்த்ததில்லை. என்னையும் டாக்டர் என்பார்கள். நான் படித்தது பிசியோதெரபி. இந்தக் கைவேலையை அதற்குப் பிறகு தனியாகக் கற்றேன். டாக்டர் பட்டம், கட்டட உரிமையாளரான அண்ணாச்சி தன் கடைக்கு மேல் மாடியை எனக்கு வாடகைக்கு விட்ட அன்று அவராகக் கொடுத்தது.

அந்தச் சத்தம், மூட்டுக்குள் உள்ள திரவத்தில் காற்றுக் குமிழி உண்டாவதால் வருவது. எலும்பு இடம் மாறிய சத்தமும் இல்லை, திரும்பி வந்த சத்தமும் இல்லை. இதை நோயாளிகளிடம் சொல்லிப் பார்த்தேன். யாருக்கும் பிடிக்கவில்லை.

நம் தொழிலின் கொள்கை சிக்கலானதல்ல. அசைய வேண்டிய மூட்டு இறுகிக் கிடந்தால் அதைக் கையால் அசைய வைக்கிறோம். வலி குறைகிறது, அந்த மனிதர் தன் வேலைக்குத் திரும்புகிறார். மிச்சத்தை உடம்பு பார்த்துக்கொள்கிறது. மருந்து இல்லை, கத்தி இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் இதைத் தொடங்கியவர், முதுகெலும்பைச் சரிசெய்தால் அநேகமாக எல்லா நோயும் போய்விடும் என்று நம்பினார். நீங்கள் நம்ப வேண்டாம். நாம் முதுகு, கழுத்து, இடுப்பு என்ற எல்லைக்குள் இருப்பவர்கள். அந்த எல்லைக்குள்ளும் எல்லா முதுகும் நம்முடையதல்ல. இந்த முதுகில் கை வைக்கலாமா, கூடாதா என்று முடிவெடுப்பதுதான் முதல் வேலை. புத்தகத்தில் இது ஒரு பக்கம் வரும். எனக்கு இது ஒரு பிற்பகல் முழுவதும் வந்தது.

ஆண்டு, தேதி விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். மீன்பிடித் தடைக்காலம் நாற்பத்தைந்து நாளிலிருந்து அறுபத்தொரு நாளாக நீண்டதற்குப் பிறகு, கொரோனா ஊரடங்குக்கு முன்பு நடந்தது இது. தடையின் கடைசி நாள். அதற்கு முந்தைய நாள் என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் சொல்வது தவறு. அன்று துறைமுகச் சாலை முழுக்க ஐஸ் வண்டிகள் நின்றன. உருகும் பொருளை யாரும் ஒரு நாள் முன்னதாக ஏற்றுவதில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் தேசிங்கு மாடிப்படி ஏறி வந்தார். விசைப்படகு டிரைவர். படகில் டிரைவர் என்றால் சக்கரம் பிடிப்பவர் மட்டுமல்ல. எங்கே போவது, எங்கே வலை இறக்குவது, எப்போது திரும்புவது எல்லாம் அவர் வாக்கு. அப்படிப்பட்டவர் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு வர, அவருடைய மச்சான் கஜா பின்னாலிருந்து பீரோவை மாடியேற்றுவது போலத் தள்ளிக்கொண்டு வந்தார். கஜாவும் அதே படகில் ஆள்.

“டாக்டரு, ஒரே ஒரு நெட்டி. டக்குனு எடுத்து உடு. கீய ஐஸு ஏத்திக்கினு கீறாங்க” என்றார் கஜா.

“எப்பலேர்ந்து வலி?”

“முந்தாநேத்து வலைப் பலகைய தூக்கினாரு. இரும்பு அடிச்ச பலக. வேணாம்னேன். டிரைவரு டிரைவரா இருக்கணும், கூலி வேல பாக்கக்கூடாதுன்னேன். கேட்டாதானே.”

“நீ தூக்கியிருந்தா நான் ஏன்டா தூக்கப்போறேன்?” என்றார் தேசிங்கு.

“நான் டீ குட்ச்சிக்கினு இருந்தேன்.”

“அதான் சொல்றேன்.”

நேற்று வரை நிமிர முடியாத வலி. இன்று காலையிலிருந்து வலி பாதியாகக் குறைந்துவிட்டது என்றார்கள். கஜா இதை நல்ல செய்தியாகச் சொன்னார். மிச்சம் இருப்பதை நான் ஒரு நெட்டியில் எடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்பது அவர் எண்ணம். ஆனால் வலி குறைந்த மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க மாட்டார். தேசிங்கின் இரண்டு பாதங்களும் தரையில் விழுந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. செருப்பு ஒன்று படியிலேயே கழன்று கிடந்தது. அவருக்கு அது தெரியவில்லை.

கஜாவை மூன்று டீ வாங்கி வரச் சொல்லி அனுப்பினேன். இந்தப் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். உறவுக்காரர் பக்கத்தில் இருக்கும்போது எந்த ஆணும் கீழ்வரும் கேள்விக்கு உண்மை சொல்வதில்லை.

“ஒண்ணுக்குப் போறதுல ஏதாவது தொந்தரவு இருக்கா?”

தேசிங்கு கதவைப் பார்த்தார். “முதுகுக்கு வந்தா இத்த ஏன் கேக்கற?”

“சொல்லுங்க.”

“காலைலேர்ந்து போவல. வர்ற மாதிரி கீது, வர்ல. தண்ணி கம்மியா குட்ச்சிருப்பேன்.”

“சைக்கிள்ல உக்காந்தா சீட்டு படற எடம் எப்படி இருக்கு?”

“ஆட்டோல வந்தேன். கீய சீட்டு கீதா இல்லியான்னே தெர்ல.”

பஞ்சாலும் ஊசியாலும் தொட்டுப் பார்த்தேன்; சுத்தியலால் கணுக்காலில் தட்டிப் பார்த்தேன். என்ன கிடைத்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்: தொட்ட இடத்தில் உணர்வில்லை, தட்டிய இடத்தில் துள்ளல் இல்லை. முதுகெலும்பின் அடியில் குதிரைவால் போலப் பிரிந்து போகிற நரம்புக் கற்றையின் மேல் ஜவ்வு பிதுங்கி விழுந்திருக்கிறது. கால்களுக்கும் சிறுநீருக்கும் போகிற நரம்புகள் அவை. சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்து அழுத்தத்தை எடுத்தால் பெரும்பாலும் திரும்பி வரும். தள்ளிப்போட்டால் அந்த மனிதர் மிச்ச வாழ்நாளைக் குழாயோடும் பையோடும் கழிக்க நேரிடலாம். அந்த நேரத்தில் ஒருவர் இடுப்பைத் திருப்பினால் மிச்சம் இருக்கும் நூலும் அறும். அதற்கும் சத்தம் வரலாம்.

நான் சுருக்கமாகச் சொன்னேன். “நெட்டி எடுக்கக் கூடாது. இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். இன்னிக்கே ஆப்ரேஷன்.”

“முதுகுல கத்தி வெச்சவன் எவன் டிரைவரா கீறான் எங்க குப்பத்துல? ஒர்த்தன் பேரு சொல்லு.” குரல் உயரவில்லை. “ரெண்டு மாசமா போட்டு கட்டிக் கெடந்துச்சி. தடை முடிஞ்சி கடலுக்குப் போற மொதோ பாடு. இன்னிக்கு ராத்திரி நான் ஏறலன்னா ஓனரு வேற ஆள ஏத்திடுவாரு. அப்பால நான் கரைல குந்திக்கினு வல தெக்க வேண்டிதான்.”

“ஏறினா திரும்பி வரும்போது இறங்க முடியாது.”

“ஒரு நெட்டி எடுத்துப் பாரு. இல்லாட்டி போறேன்.”

“எடுக்க மாட்டேன்.”

அவர் சட்டையைப் போட்டுக்கொண்டார். பிறகு தாழ்ந்த குரலில், “ஒண்ணுக்கு மேட்டரு அவன்கிட்ட சொல்லாத. மானம் போய்டும். படகு பூரா சிரிப்பானுங்க” என்றார்.

சொல்ல மாட்டேன் என்றேன். நோயாளி சொன்னதை வெளியே விடக்கூடாது என்பது நம் விதி. விதிகள் வசதியான நாட்களுக்காக மட்டும் எழுதப்பட்டவை அல்ல என்பதை அன்று பார்த்தேன்.

கஜா டீயோடு வந்தார். நெட்டி எடுக்கவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறேன் என்றதும் டீயை என் மேசையில் வைத்தார். “ஏன்?”

“நரம்பு நசுங்கியிருக்கு.”

“வலியே பாதி போச்சின்றாரு. நரம்பு நசுங்கினா வலி ஏறுமா எறங்குமா?” நல்ல கேள்விதான். நரம்பு மரத்துப்போனால் வலியும் குறையும். அதைச் சொல்லவிடாமல் அவரே தொடர்ந்தார். “தெரியாதுன்னு சொல்லிட்டுப் போயேன்யா. போர்டுல மட்டும் எலும்பு படம் போட்டு வெச்சிக்கினு… பேஜாரு புட்ச்ச ஆளா கீறியே. வா மாமா.”

போய்விட்டார்கள். மூன்று டீயையும் நானே குடித்தேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒன்றைத்தான் குடித்தேன். அதற்குள் கீழிருந்து அண்ணாச்சி ஏறி வந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்; கயிறு, நங்கூரம், வார்னிஷ் விற்கிறவர். தெருவில் யார் எந்தப் பக்கம் போகிறார் என்பது அவருக்குத் தெரியாமல் நடக்காது.

“என்ன டாக்டரே, அவனுவ கன்னியம்மா வீட்டுக்குல்லா போறானுவ! நீங்க ஒரு கையை வச்சு விட்டிருந்தா சோலி முடிஞ்சிருக்கும்லா?”

“கை வெக்கல அண்ணாச்சி, வெக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டு அவர் மொபெட்டின் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு இறங்கினேன். ‘பெட்ரோல் கம்மியாத்தான் கெடக்கு’ என்று பின்னாலிருந்து சொன்னார்.

கன்னியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் மீன் ஏலத்தில் கூடை எடுத்து விற்பவர்; ஐம்பதைத் தாண்டியவர். பிறக்கும்போது தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வந்தது. கால் முதலில் வந்து பிறந்தவர் மிதித்தால் முதுகுப் பிடிப்பு போகும் என்பது கடலோரம் முழுக்க உள்ள நம்பிக்கை. வடகிழக்கு ஸ்காட்லாந்து மீனவர்களிடமும் இதுவே இருந்ததாகப் படித்திருக்கிறேன். இரண்டு கரைக்காரர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமலே இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆள் குப்புறப் படுக்க வேண்டும். கன்னியம்மா கால் கழுவி வந்து இடதுகாலை முதுகில் வைத்து மூன்று முறை அழுத்துவார். காசு வாங்க மாட்டார். வாங்கினால் கால் வேலை செய்யாது. சாதாரணப் பிடிப்புகளில் பாதி தானாகவே விடக்கூடியவை என்பதால் அவருடைய வெற்றிகள் நிறைய. என்னுடையவையும் அப்படித்தான்.

எங்களுக்குள் போட்டி இருந்தது, பகை இல்லை. கூடை சுமந்து அவர் கழுத்து பிடித்துக்கொண்டபோது கடை அடைத்த பிறகு பின்பக்கப் படியால் ஏறி என்னிடம்தான் வந்தார். காலால் பிறந்தவர் தன் முதுகில் தானே ஏறி மிதிக்க முடியாது. வந்தது வெளியே தெரியக்கூடாது என்றார். தெரியவில்லை. இப்போது அவருக்குத் தெரிந்தே எழுதுகிறேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் வீட்டு வாசலில் பாய் விரித்திருந்தது. தேசிங்கைக் குப்புறப் படுக்க வைத்திருந்தார்கள். படகு ஆட்கள் சுற்றி நின்றார்கள். ஐஸ் ஏற்றிவந்த குட்டியானை வண்டி ஒன்று, இவர் எழுந்ததும் துறைமுகத்துக்குப் போக என்று இன்ஜினை அணைக்காமல் நின்றது. கன்னியம்மா பக்கத்துச் சந்தில் தண்ணீர் டிரம்மிடம் நின்று கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் நேராக அங்கே போனேன்.

“அக்கா, இவர் முதுகுல கால் வெக்காதீங்க.”

“ஏன், உன் கஸ்டமரா?”

“இது சுளுக்கு இல்ல. மிதிச்சா ரெண்டு காலும் போயிடும். ஒரேயடியா.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. இன்னொரு மக் தண்ணீர் எடுத்தார்.

“அங்க பாத்தியா எத்தினி பேரு கீறாங்கன்னு? மாட்டேன்னா இன்னா சொல்வாங்க? கன்னியம்மாக்கு வயசாச்சி, காலு போச்சின்னுவாங்க. நாள பின்ன ஒர்த்தன் வருவானா? நீயே போய் சொல்லு, இன்னா காரணம்னு.”

காரணம் எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் கூட்டமே நம்பியிருக்கலாம். சிறுநீர் நின்றுபோவது எல்லாருக்கும் புரிகிற விஷயம். ஆனால் தேசிங்குக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். பத்து ஆட்களுக்கு நடுவே அதை உடைத்தால் அவர் இல்லவே இல்லை என்று மறுப்பார். மறுத்துவிட்டுப் படுத்தே கிடப்பார். அப்போது காரணமும் போய்விடும், காலும் போய்விடும்.

“சொல்ல முடியாது” என்றேன்.

“சொல்ல முடியாது. நான் மட்டும் வெக்காம இருக்கணும்.” கன்னியம்மா காலை மாற்றிக் கழுவினார். “எனக்கு ஒரு கட்டு கீது, தெரியுமா? இன்னொர்த்தன் கை வெச்சி இஸ்த்த ஒடம்புல அன்னிக்கு நான் காலு வெக்க மாட்டேன்.”

எனக்குத் தெரியும். முன்பு எண்ணெய் போட்டு நீவுகிற ஒருவர் கையைப் போட்ட முதுகில் இவரும் காலைப் போட, அந்த ஆள் ஒரு மாதம் எழுந்திருக்கவில்லை. கையா காலா என்று ஊர்ப் பஞ்சாயத்தில் வைத்துப் பேசி, இனி ஓர் உடம்பில் ஒரு நாளில் ஒரே வைத்தியம் என்று தீர்த்தார்கள். யாருடைய தப்பு என்பதில் குழப்பம் வரக்கூடாது என்பதற்காக.

“நீ கை வெச்சி இஸ்த்தியா?” என்றார்.

“இல்ல.”

“நல்லா யோசிச்சி சொல்லு நைனா.”

கால் கழுவி முடிந்துவிட்டது. அவர் துடைத்துக்கொள்ளாமல் நின்றார்.

அவ்வளவு குறைந்த நேரத்தில் நான் யோசித்ததை இங்கே நிதானமாக எழுதுகிறேன். ‘கை வைத்தேன்’ என்று மட்டும் சொன்னால் கன்னியம்மா விலகிக்கொள்வார். அவருக்கு அது போதும். ஆனால் கஜா, மாமாவை வண்டியில் ஏற்றி மூலக்கொத்தளத்தில் எலும்பு கட்டுகிற இன்னொருவரிடம் கொண்டுபோவார்; அவருக்கு எந்தப் பஞ்சாயத்துக் கட்டும் இல்லை. எனவே கை வைத்தது மட்டும் போதாது. கை வைத்துக் கெடுத்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரி தவிர வேறு யாரும் தொட முடியாத அளவுக்குக் கெடுத்திருக்க வேண்டும். நான் அந்தத் தெருவில் சோறு சாப்பிடுவது அந்தக் கையை வைத்துத்தான். அதையும் நினைத்துப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் பொய்.

வாசலுக்குப் போய் நின்றேன். மேடைப் பேச்சு எனக்கு வராது.

“இவருக்கு நான் நெட்டி எடுத்தேன். சரியா விழல. நரம்பு எலும்புக்கு நடுவுல மாட்டிக்கிச்சு. உங்ககிட்ட மறைச்சிட்டேன். பொழுது சாயறதுக்குள்ள ஆஸ்பத்திரில எடுத்து விடலன்னா கால் ரெண்டும் போயிடும். இனிமே யாரும் தொடக் கூடாது.”

எல்லாரும் பாயில் கிடந்தவரைப் பார்த்தார்கள்.

ஒன்றை நான் கணக்கில் வைக்க மறந்திருந்தேன். அறையில் நானும் தேசிங்கும் மட்டும்தான் இருந்தோம். நான் நெட்டி எடுக்கவில்லை என்பது கஜாவுக்கே தெரியும் என்று நினைக்கலாம். ஆனால் அவர் டீ வாங்கப் போனபோது என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. தேசிங்குக்குத் தெரியும். ‘இவன் என்னைத் தொடவே இல்லை’ என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கன்னியம்மாவின் கால் ஈரமாக, தயாராக இருந்தது.

அவர் கன்னத்தைப் பாயில் வைத்தபடி ஒரு கண்ணால் என்னைப் பார்த்தார். நான் வேறு எங்கும் பார்க்கவில்லை.

“ஆமாண்டா” என்றார் தேசிங்கு. “நீ டீக்குப் போன கேப்புல இஸ்த்தான். அப்பலேர்ந்து ரெண்டு காலும் மரத்துப்போச்சி. ஒண்ணுக்கும் வர்ல.”

காலையிலிருந்து அவர் யாரிடமும் சொல்லாததை அன்று முதல்முறையாகத் தெருவில் சொன்னார். அது என் குற்றமாகிவிட்டதால் அவருக்கு அதைச் சொல்ல முடிந்தது. மானம் அவருடையது போகவில்லை, என்னுடையதுதான் போனது. எனக்கு இது அப்போது புரியவில்லை. ஏனென்றால் அடுத்த நொடி கஜாவின் கை என் கன்னத்தில் விழுந்தது.

“கை பட்ட ஒடம்பு. எட்த்துக்கினு போங்க” என்றார் கன்னியம்மா. அவர் குரலில் வருத்தம்கூட இருந்தது. நன்றாகச் செய்தார்.

கஜா என் சட்டைக் காலரைப் பிடித்தார். “நீயும் வா. மாமாக்கு எதுனா ஆச்சி, உன்ன அங்கியே பொதச்சிடுவேன்.” எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. எப்படியும் கூடப் போக வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். தேசிங்கைப் பாயோடு தூக்கச் சொன்னேன்; இடுப்பு மடங்காமல் நாலு பேர் பிடிக்கச் சொன்னேன். குற்றவாளி சொல்வதைக் கேட்க யாருக்கும் மனமில்லை, ஆனாலும் கேட்டார்கள். குட்டியானையில் ஐஸ் உருகிய ஈரத்தில் அவர் பாயோடு கிடந்தார். நான் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கஜா என் காலரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்படியே போனோம்.

பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் பணியிலிருந்தவர் சின்ன வயது டாக்டர். என்ன நடந்தது என்று கேட்டார். கஜா, “இந்தாளு இஸ்த்து உட்டுட்டான் சார்” என்றார். டாக்டர் என்னைப் பார்த்த பார்வையை நீங்களும் ஒருநாள் சந்திப்பீர்கள். நம் தொழிலின்மேல் அவர்களுக்கு எப்போதும் கைவசம் இருப்பது அது. நான் ஆங்கிலத்தில் முழு விவரத்தையும் சொன்னேன்: எந்த இடத்தில் உணர்வு இல்லை, எப்போதிலிருந்து சிறுநீர் இல்லை, யாரும் இடுப்பைத் திருப்பவில்லை, எனக்கு என்ன சந்தேகம். அவர் என்னிடம் மறுபடி ஒருமுறை கேட்டுவிட்டு, தமிழில் எதுவும் சொல்லாமல் ஸ்கேனுக்கு ஓடினார். அன்று நான் ஒரு மொழியில் கை வைத்தவனாகவும் இன்னொரு மொழியில் கை வைக்காதவனாகவும் இருந்தேன்.

அன்றே அறுவை சிகிச்சை நடந்தது. கால் விரல்கள் சில நாளில் அசைந்தன. சிறுநீர் திரும்ப வருவதற்கு வாரங்கள் ஆயின, வந்தது. அந்தப் படகு மறுநாள் வேறு டிரைவரோடு போனது. தேசிங்கு அந்த வருடத்தைக் கரையில்தான் கழித்தார். வலை தைத்தார். அடுத்த தடைக்காலம் முடிந்தபோது சின்னப் படகு ஒன்றில் ஏறினார். அதற்கடுத்த ஆண்டு பழைய ஓனரே கூப்பிட்டு விசைப்படகைக் கொடுத்தார். முதுகில் கத்தி வைத்து டிரைவராக இருப்பவர் பெயர் கேட்டாரல்லவா, இப்போது அவர் குப்பத்தில் ஒரு பெயர் இருக்கிறது.

இதை ஒரு வழிமுறையாக உங்களுக்குச் சொல்லவில்லை. செய்யாத தப்பை ஒப்புக்கொள்வது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. வழக்குப் போட்டிருந்தால் என்னிடம் பதிலும் இல்லை. நீங்கள் வேறு வழி கண்டுபிடியுங்கள். நான் சொல்ல வருவது வேறு. அந்த அறையில் நான் கை வைக்க மாட்டேன் என்று சொன்னதோடு என் வேலை முடிந்துவிட்டதாகத்தான் முதலில் நினைத்தேன். டீ குடித்தேன். நம் எல்லைக்கு வெளியே உள்ள நோயாளியைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. அவரைச் சரியான கைகளில் சேர்ப்பது மறுபாதி. அந்த மறுபாதிக்குப் போகும்போது உங்கள் பெயரைக் கடையில் விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கலாம்.

என் பெயர் நல்ல விலைக்கே போனது. அந்தக் குப்பத்திலிருந்து ஆண்டுக்கணக்கில் யாரும் என் படி ஏறவில்லை. அண்ணாச்சி, “கையை வச்சீரு, கையை வச்சீருன்னு சொல்லுதானுவ. என்கிட்ட வைக்கலைன்னுல்லா சொன்னீரு?” என்று கேட்டார். “வெச்சேன் அண்ணாச்சி” என்றேன். அவர் வாடகையை ஏற்றவில்லை. என் நிலைமையைப் பார்த்து என்று நினைக்கிறேன். கன்னியம்மா மீன் சந்தையில் என்னைப் பார்த்தால் விலை பேசாமல் நல்ல சங்கராவாகப் பொறுக்கிப் போடுவார். அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

தேசிங்கும் பேசியதில்லை. அவர் வெளியே பேசினார். நான் இழுத்த கதையை டீக்கடையிலும் படகிலும் கல்யாண வீட்டிலும் சொன்னார். அது வருடத்துக்கு வருடம் வளர்ந்தது. முதல் ஆண்டு நான் ஒரு தடவை இழுத்திருந்தேன். பிறகு முழங்காலை முதுகில் வைத்து இழுத்தேன். நான் கேள்விப்பட்ட கடைசி வடிவத்தில் அந்தச் சத்தம் கீழே அண்ணாச்சி கடை வரைக்கும் கேட்டது. அவருக்கு என்மேல் கோபமா என்று எனக்குச் சந்தேகம் வந்ததுண்டு. பிறகு நினைத்தேன்: அந்தக் கதை நின்றுவிட்டால் காலையிலிருந்து தானே மறைத்துவைத்திருந்ததை அவர் சொல்ல வேண்டிவரும். அதனால் விட்டுவிட்டேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு ஒரு நாள் படியில் இரண்டு பேர் ஏறும் சத்தம் கேட்டது. பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்தவர் இந்தத் தடவை தேசிங்கு. முன்னால் கஜா. கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. வலது கையைத் தலைமேல் தூக்கி வைத்திருந்தார். அப்படி வைத்தால் வலி கொஞ்சம் அடங்கும். கழுத்து நரம்பு அழுந்துகிறவர்கள் தாமாகவே கண்டுபிடிக்கிற நிலை அது.

கஜா வாசற்படியில் நின்றுவிட்டார். “வேணாம் மாமா. வேற எடம் பாக்கலாம்.”

“எத்தினி எடம் பாக்கறது? ஆஸ்பத்திரில பாத்தாச்சி. ஆப்ரேசன் வேணாம், கை வைத்தியம் பாருன்னு எய்தி குட்த்துட்டாங்க. உள்ள போ.”

“இந்தாளுகிட்டயா? உன் காலு போவப் பாத்த ஆளுகிட்ட என் கயுத்த குடுக்கச் சொல்றியா?”

தேசிங்கு வாசற்படிக்கு இந்தப் பக்கம் வந்தார். என்னைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த எலும்புப் படத்தைப் பார்த்தபடி சொன்னார்.

“என் ஒடம்ப இவரு தொட்டதே இல்லடா.”

கஜா கையை இறக்கினார். வலித்தது, மறுபடி ஏற்றினார். “இன்னா சொல்ற?”

“நெட்டியும் எடுக்கல, ஒண்ணும் எடுக்கல. நான்தான் கம்னு இருந்தேன்.”

“அப்ப நான் அன்னிக்கு அட்ச்சேனே?”

“அத்தயும் வாங்கிக்கினாரு.”

கஜா என்னை நீண்ட நேரம் பார்த்தார். கழுத்து சாய்ந்திருந்ததால் அந்தப் பார்வையும் சாய்வாகத்தான் வந்தது. மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று எதிர்பார்த்தேன்; ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அவர் உட்கார்ந்தார். ஒரு கையால் சட்டைப் பொத்தான்களைக் கழற்ற முடியவில்லை. தேசிங்கு குனிந்து கழற்றிவிட்டார். குனிந்தது நன்றாகவே குனிந்தார்.

“மெதுவா வெய்யி” என்றார் கஜா.